விறகா, எரிவாயு மேடையா: மதுரையில் எது நல்லது?

இறந்துபோன அம்மாவின் உடலை விறகில் எரிக்காமல் எரிவாயு மேடைக்குக் கொண்டுபோனால் செய்யவேண்டிய முறை குறைந்துவிடும் என்று சித்தப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். குறையாது. உடலைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் நீர்மாலை வீட்டிலேயே முடிந்துவிடும், அப்புறம் வாய்க்கரிசி, குடம் உடைப்பு, கொள்ளி எல்லாம் தகனக் கூடத்துக்கு வெளியே செய்துவிட்டு, நெஞ்சில் கற்பூரம் ஏற்றித்தான் உள்ளே தள்ளுவார்கள்.

விறகென்றால் ஓர் உடலுக்கு 300 முதல் 500 கிலோ வரை வேண்டும், எருவாட்டி தனி. ஐப்பசி மழையில் விறகு ஈரமாக இருந்தால் தீ பாதியில் அமுங்கி, வெட்டியான் கழியால் கிளறிக்கிளறி எரிக்கவேண்டி வரும். பெற்ற பிள்ளை பார்க்கக்கூடாத காட்சி அது. எரிவாயுவில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

சாம்பல் அன்றைக்கே கிடைக்கும். பால் தெளிப்பை மறுநாள்தான் வைக்கவேண்டுமென்றால் கலயத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வைகையிலோ ராமேஸ்வரத்திலோ கரைக்கலாம்.

சொந்த ஊர் மயானத்தில் பங்காளிகளே விறகு அடுக்கித் தருவார்கள், மழையும் இல்லை என்றால், சரி, விறகே வைக்கலாம். டவுனுக்குள் இருந்தால் தத்தனேரி எரிவாயு மேடைதான் என் கருத்து.

எதுவானாலும் அம்மாவின் உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் தகனத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள், சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கக்கூடும்.