கர்ப்பிணித் தலையணை வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். இடது பக்கம் மட்டும்தான் படுக்கணும் என்கிறார் அத்தை. தூக்கத்தில் மல்லாந்து விடுகிறேன், விழித்தால் பயமாக இருக்கிறது. ‘குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு’ என்ற விளம்பரத்தோடு யு வடிவத் தலையணை 3,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அதனால்தான் 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2019-ல் ஒரு முடிவு வெளியானது. கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து தூங்கப் போகிறவர்களுக்கு, குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து சுமார் 2.6 மடங்கு என்றது அது. மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும், அப்படி நடப்பதே அபூர்வம். வலது பக்கம் படுத்தவர்களுக்கும் இடது பக்கம் படுத்தவர்களுக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. அத்தை சொல்வதிலும் பலன் உண்டு: நெஞ்செரிச்சல் இருந்தால் இடது பக்கம் இதமாக இருக்கும். ஆனால் இடுப்பு வலித்தால் தாராளமாக வலது பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

தூங்கப் போகும்போது எப்படிப் படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நடுவில் விழித்து மல்லாந்து கிடந்தால், திரும்பிப் படுத்துத் தூங்குங்கள், போதும். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, தலையணைக்கு வருவோம். வசதிக்காக வாங்கலாம், பாதுகாப்புக்காக வேண்டாம். குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு என்று எந்தத் தலையணையும் உத்தரவாதம் தர முடியாது. வீட்டில் இருப்பதை வைத்து ஒரு வாரம் பாருங்கள்: முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய பருத்திப் புடவை. முதுகுப் பக்கம் இருப்பது நீங்கள் மல்லாந்து விடாமல் தடுக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

அப்படியும் இடுப்பு வலி தூங்க விடவில்லை என்றால் வாங்குங்கள். ஆனால் யு வடிவம் கட்டிலில் பாதியை அடைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு பக்கமும் பஞ்சு அணைத்தால் புழுங்கும். சி வடிவமோ, வயிற்றுக்கு அடியில் வைக்கும் சின்ன ஆப்புத் தலையணையோ இடத்தை மிச்சம் பிடிக்கும். உறை பருத்தியா, ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்க முடியுமா என்று பாருங்கள். வெல்வெட் உறை படத்தில் அழகாக இருக்கும், மே மாதத்தில் தாங்காது. அப்புறம், பிரித்த தலையணையைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்காத விற்பனையாளர்கள் உண்டு. பணம் கட்டும் முன் அந்த நிபந்தனையைப் படித்து, விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.