ஓராண்டு ஃபெல்லோஷிப்: சுங்கை சிப்புட் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் துணைநிற்கும் அரசு சாரா அமைப்பொன்றில், மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில், தங்கள் மகளுக்கு ஓராண்டு ஃபெல்லோஷிப் கிடைத்திருப்பதையும், பட்டம் வாங்கிய பிள்ளை சேவைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதையும் எழுதியிருந்தீர்கள். இதைச் சேவையாகப் பார்க்காமல் வேலையாகவே பாருங்கள். அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்விகள் கண்ணில் படும்.

மகளுக்கு வந்த நியமனக் கடிதத்தில் குறிப்பிட்டிருப்பது சம்பளமா, அலவன்ஸா (உதவித்தொகையா) என்பது முதற்கேள்வி. வேலை ஒப்பந்தத்தின் கீழ் தரும் சம்பளம் என்றால், 2025 முதல் நடப்பிலிருக்கும் 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்ச மாத ஊதியம் பொருந்தும், இ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதிக் கணக்கில் மகளின் 11 விழுக்காட்டுடன் முதலாளி தரப்பின் 13 விழுக்காடும் சேரும். சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகக் காப்புறுதியும் உண்டு. வெறும் அலவன்ஸ் என்றால் இவை இல்லாமலே போகலாம். 1,700 வெள்ளியில் பிடித்தம் போக ஏறக்குறைய 1,500 வெள்ளிதான் கைக்கு வரும் என்பதால், அறை வாடகையும் சாப்பாடும் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் போக மிஞ்சுவதை மகளே கணக்கு எழுதிக் காட்டட்டும். வீட்டுச் செலவு அவருடைய வருமானத்தை நம்பியிருக்கிறது என்றால், அதை இப்போதே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

"போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். சில பொறுப்புகளில் ஆம். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கும் பெண்ணுடன் காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ அமைப்பின் பணியாளர் ஒருவர் உடன் போக வேண்டியிருக்கும். அடிபட்டு வந்தவர் தோட்டப்புறத்துத் தமிழ்ப்பெண்ணாக இருந்தால், அவர் சொல்வதை அவருடைய பேச்சிலேயே கேட்டுப் புரிந்துகொண்டு மலாயில் எடுத்துச் சொல்லக்கூடியவர் அங்கே மிகவும் தேவைப்படுவார். தங்கள் மகளுக்கு அந்தத் திறன் வளர்ந்த இடத்திலேயே அமைந்துவிட்டது. நேர்காணலில் அவர் அதைச் சொன்னாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கும் பாதுகாப்பு இல்லங்களின் முகவரியைப் பொதுவாக வெளியே சொல்வதில்லை. மகளுக்கு அங்கே பணி அமைந்தால் தாங்களும் நேரில் போய்ப் பார்க்க முடியாது, இரவு தொலைபேசியில் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று அம்மா கேட்டாலும் அவர் விவரம் சொல்லமாட்டார். அதை ஒளிவுமறைவு என்று எண்ணி வருந்த வேண்டாம், அது தொழில் ஒழுக்கம். ஆனால், கேட்ட துயரங்களையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டே இருந்தால் இளம் வயதினர் சில மாதங்களிலேயே சோர்ந்துபோவார்கள். ஆகவே அவரை வழிநடத்தும் மூத்த அதிகாரி யார், எத்தனை நாளுக்கொரு முறை உட்கார்ந்து பேசுவார், இரவுப்பணி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இதற்குத் தெளிவான பதில் தராத இடத்தை, அதன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்த ஓராண்டு அவரை உளவள ஆலோசகர் (கவுன்சலர்) ஆக்கிவிடாது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரே அந்தத் தொழிலைச் செய்யலாம், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட படிப்பு வேண்டும். மற்றபடி சமூகப்பணி மேற்படிப்புக்கும், சமூகநல இலாகா வேலைக்கும், 2022இல் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு இதில் விவரமறிந்தவர்களைத் தேடும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளுக்கும் இந்த அனுபவம் நன்றாகவே உதவும்.

ரப்பர்த் தோட்டக் குடும்பத்தில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு இத்துறைக்கு வந்து, 1991இல் பெண்கள், குடியேறித் தொழிலாளர்கள் உரிமைக்கான தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். நீதிமன்ற வழக்கோடும் நெடுங்காலம் போராடினார். மகளிடம் அத்தகைய அர்ப்பணிப்பை யாரும் இப்போதே கேட்கவில்லை. ஓராண்டு முடிந்ததும் வேறு வேலைக்குப் போக அவருக்கு முழு உரிமை உண்டு. இடையில் விலகினால் பணம் திருப்பிக் கட்டச் சொல்லும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அரசு வேலைக்கான எஸ்.பி.ஏ. (பொதுச் சேவை ஆணையம்) பதிவையும் இப்போதே செய்துவைக்கட்டும். ஃபெல்லோஷிப்பில் இருக்கும்போதே நேர்காணல் அழைப்பு வந்தால் விடுப்பு கிடைக்குமா என்பதையும், கையொப்பமிடுவதற்கு முன் அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.