ஆன்டி-சீட் எதையெல்லாம் பார்க்கும்? வாசகர் கேள்விகள்

ஆபீஸ் லேப்டாப்பில் வேலோரண்ட் போடலாமா அண்ணா? ராத்திரி மட்டும்தான் ஆடுவேன். (ஓசூர்)

வேண்டாம் தம்பி. அது கம்பெனி லேப்டாப். ராத்திரி, பகல் கணக்கெல்லாம் இதில் செல்லாது. விண்டோஸ் எழும்போதே வேலோரண்டின் ஆன்டி-சீட்டான (கேமில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள்) வேன்கார்டும் எழுந்துவிடும்.

கேம் ஆடாதபோதும் ஆன்டி-சீட் ஓடுகிறது. என் போட்டோ, பேங்க் விவரம் வெளியே போகுமா? (பாலக்கோடு)

முதலில், எந்த ஆன்டி-சீட் என்று எழுதுங்கள். எல்லாம் ஒன்றல்ல. ஸ்டீம் கேம் தளத்தின் வேக் (VAC), விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் போகாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் கர்னலில் இறங்கும், ஆனால் பொதுவாகக் கேமோடுதான் தொடங்கும். 2020-ல் வந்த வேன்கார்ட் கணினியோடு தொடங்கும். சீட் மென்பொருள் முந்திக்கொண்டு ஏறி ஒளிந்துவிடக் கூடாதே என்பதற்காக. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

போட்டோ திருடுவது இவற்றின் வேலை இல்லை. என் பயம் வேறு. கர்னலில் ஓடும் நிரலான டிரைவரில் ஓட்டை இருந்தால் மொத்தக் கணினியும் திறந்த வீடுதான். 2022-ல் ஜென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை எடுத்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல் ஆன்டிவைரஸையே நிறுத்தியது. அந்தக் கேம் இல்லாத கணினியிலும் இது நடக்கும். டிரைவரில் முறையான டிஜிட்டல் கையெழுத்து இருந்ததால் விண்டோஸ் அதை நம்பி உள்ளே விட்டது. 2013-ல் இ.எஸ்.இ.ஏ. என்ற கேமிங் லீகின் ஆன்டி-சீட்டுக்குள் பிட்காயின் தோண்டும் நிரலே இருந்தது. ஆட்டக்காரர்களின் கிராபிக்ஸ் கார்டு யாருக்கோ உழைத்தது.

இன்னொன்று. போன மாதம் தருமபுரியில் எங்கள் கடைக்கு ஒரு பையன் லேப்டாப் கொண்டுவந்தான். கேமை அழித்து அரை வருஷம் ஆகிவிட்டதாம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆன்டி-சீட் ஐகான் அப்படியே நிற்கிறது! ஆப்ஸ் பட்டியலில் அது தனிப் பெயரில் இருந்தது. தனியாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் போட்ட பிறகுதான் போனது. கேமை அழிக்கும்போதே "இதையும் எடுக்கவா?" என்று ஒரு வரி கேட்டால் என்ன? ஆடாதவன் கணினியில் காவல்காரனுக்கு என்ன வேலை? எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்: பேங்க் வேலை ஒரு கணினியில், கேம் இன்னொன்றில்.

செக்யூர் பூட் ஆன் செய்யச் சொல்கிறது கேம். ஆபத்தா? (பென்னாகரம்)

இல்லை, நல்லதுதான். கணினி எழும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் பூட்டு அது. முதலில் பேக்கப் எடுங்கள், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் செக்யூர் பூட் இருக்கும் பயாஸ் செட்டிங்கைத் தொடுங்கள்.

பிஜிஎம்ஐ மொபைல் கேமில் பத்து வருஷம் பேன் (தடை). நண்பன் கொடுத்த ஏபிகே (ப்ளே ஸ்டோருக்கு வெளியே வந்த ஆப் ஃபைல்) மட்டும்தான் போட்டேன். (காவேரிப்பட்டணம்)

"மட்டும்தான்" என்கிறீர்கள். பேனை விடுங்கள். அந்த ஏபிகேவுக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தீர்களா? ஓடிபி வருவது அதே போனில்தானே? உடனே வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், இந்தப் போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

பையனுக்கு 15 வயது. 18 என்று போட்டுக் கணக்குத் திறந்திருக்கிறான். பரவாயில்லையா? (அரூர்)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18-க்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. வயதை மாற்றிப் போட்டால் அந்தப் பாதுகாப்பு அவனுக்குக் கிடைக்காது. உங்கள் மெயிலில் சரியான வயதோடு புதுக் கணக்கு திறங்கள். அவன் ஆடும் கணினியில் உங்கள் பேங்க் வேலை வேண்டாம்.