கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலை மட்டும் எடுக்க முடியாதா? டீசலும் தாரும் ஏன் கூடவே வருகின்றன?

முடியாதுங்க. பெட்ரோலின் பங்கைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு பீப்பாயை முழுக்க முழுக்கப் பெட்ரோலாக்குவது கட்டுப்படியாகாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். நான் படித்தது அதுதான். பிழைப்பு சங்ககிரிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில்.

லாரிக்காரர்கள் ஊர் இது. டீசல் போட நிற்கும்போது உங்கள் கேள்வியும் அடிக்கடி வரும், பதிலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "ஏனுங்க, கடலைய ஆட்டுனா எண்ணெய் போக மிச்சம் புண்ணாக்கு. அதே மாதிரி பெட்ரோல் போக மிச்சம் டீசல், டீசல் போக மிச்சம் தாரு. அவ்வளவுதானுங்களே?" பாதி சரி. தார் உண்மையிலேயே அடியில் தங்குவதுதான். டீசல் அப்படியில்லை. பெட்ரோலைப் போலவே அதுவும் கச்சா எண்ணெயில் முதலிலிருந்தே இருக்கும் சரக்கு. (புண்ணாக்கு வெறும் மிச்சம் என்று மாடு வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.)

கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆயிரக்கணக்கான வகை மூலக்கூறுகளின் கலவை. கூடவே கொஞ்சம் கந்தகம், நைட்ரஜன், உப்பு, தண்ணீர். கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலியாக நீளும். சங்கிலி நீள நீள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் ஆவியாகாது. ஒரே கார்பன் உள்ள மீத்தேன் மைனஸ் 161 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூன்று கார்பன் உள்ள புரொப்பேனுக்கு மைனஸ் 42. நான்கு கார்பன் பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட 0. எட்டு கார்பன் ஆக்டேனுக்கு 126, பதினாறு கார்பன் சீட்டேனுக்கு 287. நாமக்கல் டேங்கர் லாரிகளில் போகும் சமையல் கேஸ் இந்தப் புரொப்பேனும் பியூட்டேனும்தான், அழுத்தத்தில் திரவமாகி இருக்கும். ஊட்டியில் மார்கழி விடியலில் அடுப்பு மந்தமாக எரிந்தால், அந்தக் குளிரில் பியூட்டேன் ஆவியாகத் தயங்குகிறது என்று அர்த்தம்.

இதைக் கண்ணால் பார்க்க ஆலைக்குப் போக வேண்டியதில்லை. எந்தப் பங்கிலும் ஃபில்டர் பேப்பர் கேட்டால் தருவார்கள். நாசிலின் மூக்கைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு பெட்ரோல் விடுங்கள். விட்டதும் ஈரம் வட்டமாகப் பரவும், ஓரத்திலிருந்து சுருங்கும், இரண்டு நிமிடத்துக்குள் எண்ணெய்க் கறை இல்லாமல் காய்ந்துவிடும். பக்கத்தில் ஒரு சொட்டு டீசல் விட்டால் அந்த எண்ணெய் வட்டம் மறுநாளும் அப்படியே இருக்கும். ஐந்திலிருந்து பன்னிரண்டு கார்பன் வரை உள்ளவை பெட்ரோல். டீசலில் இருபதைத் தாண்டியும் போகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சுத்திகரிப்பு ஆலையும் இதே குணத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. கச்சா எண்ணெயை உப்பு நீக்கி, 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உயரமான கோபுரத்தின் அடிப்பக்கம் விடுவார்கள். கோபுரம் கீழே சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஏறும் ஆவி தனக்கேற்ற குளிர்ச்சி வந்த தட்டில் திரவமாகிவிடும். உச்சியில் கேஸும், பெட்ரோலுக்கு மூலச்சரக்கான நாப்தா என்ற லேசான எண்ணெயும், அதற்குக் கீழே மண்ணெண்ணெய், பிறகு டீசல். இதில் கோடு கிழித்த மாதிரி எதுவும் பிரியாது. மண்ணெண்ணெயின் கடைசிப் பகுதியும் டீசலின் முதல் பகுதியும் ஒரே மூலக்கூறுகள்தான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே டீசலோடு கலந்தால் காட்டிக்கொடுக்கத்தான்.

ஆவியாகாமல் அடியில் நிற்பதை இன்னும் சூடாக்கினால் சங்கிலிகள் கண்டபடி உடைந்து கரி பிடிக்கும். அதனால் இன்னொரு கோபுரத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, அதே சூட்டிலேயே மேலும் கொஞ்சம் ஆவியாக்குவார்கள். அதற்கும் மசியாதது தார். நம்மூர் ரோட்டில் ஜல்லியோடு கொதிக்கக் கொதிக்கக் கொட்டுகிறார்களே, அது.

இதுவரை நடந்தது வெறும் பிரிப்பு. கச்சா எண்ணெயில் என்ன இருந்ததோ அதுதான் கிடைக்கும். அதில் பெட்ரோலுக்கு ஏற்றது எப்போதும் போதாது. ஆகவே நீளமான சங்கிலிகளை வேண்டுமென்றே உடைக்கிறார்கள். சுமார் 500 டிகிரியில், மணல் போன்ற ஜியோலைட் வினையூக்கித் தூளோடு மோதவிட்டால் கனமான எண்ணெய் உடைந்து பெட்ரோலும் கேஸும் ஆகும். அப்படியானால் தாரையும் உடைத்துப் பெட்ரோலாக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கணக்கு உதைக்கும் இடம் அதுதான். பெட்ரோலில் ஒரு கார்பனுக்குச் சுமார் இரண்டு ஹைட்ரஜன் வேண்டும். அடிச்சரக்கில் அவ்வளவு ஹைட்ரஜன் கிடையாது. ஒன்று, வெளியிலிருந்து ஹைட்ரஜனை அதிக அழுத்தத்தில் ஏற்ற வேண்டும், அந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து செலவு செய்து தயாரிக்க வேண்டும். அல்லது அதிகப்படிக் கார்பனை வெளியே தள்ள வேண்டும். தள்ளினால் அது பெட்கோக் என்ற கரியாகக் குவியும். சிமெண்ட் சூளைகளில் எரிப்பார்கள். எந்த வழியில் போனாலும் பெட்ரோல் மட்டும் தனியாக வராது.

இன்னொன்று, டீசலை மட்டமாக நினைப்பவர்களுக்காக. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்ற வேண்டும். அதற்கு நேரான நீண்ட சங்கிலிதான் சரி. பெட்ரோல் இன்ஜினில் எதிர்மாறு. பிளக் பொறி வைக்கும்வரை பற்றவே கூடாது, பற்றினால் இன்ஜின் தட்டும். அதற்குக் கிளைவிட்ட சங்கிலியும் வளையங்களும் வேண்டும். ஒன்றுக்குத் தகுதியாக இருப்பது மற்றதற்குக் கோளாறு. நாப்தாவில் நேர்ச்சங்கிலி அதிகம் என்பதால் அதை அப்படியே பெட்ரோலாக விற்க முடியாது. பிளாட்டினம் வினையூக்கியில் ஓட்டி வளையமாக மாற்றுகிறார்கள். அப்போது ஹைட்ரஜன் உபரியாக வெளியே வரும். அதை டீசலின் கந்தகத்தை எடுக்கப் பயன்படுத்துகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் டீசலிலும் பெட்ரோலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான்: பெட்ரோலைச் சரிசெய்யப் போய் மிஞ்சியது டீசலைச் சுத்தம் செய்கிறது. எடுத்த கந்தகமும் வீணில்லை; உரத்துக்கும், சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு வெளுக்கவும் கந்தகம்தானே வேண்டும்.

நம் பக்கத்துக்கு எப்படி வருகிறது? கொச்சி ஆலையிலிருந்து ஒரு குழாய் இருகூர் வழியாகக் கரூருக்கு வருகிறது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை போகும் குழாயின் ஒரு கிளை சங்ககிரிக்கு வருகிறது. ஒரே குழாயில் பெட்ரோலும் டீசலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலந்த கொஞ்சத்தைத் தனியாகப் பிரித்து வைப்பார்கள்.

கடைசியாக, எங்களிடம் அதிகம் சண்டை வரும் விஷயம். பங்கில் எழுதி வைக்கும் டீசல் டென்சிட்டி (அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு) நேற்று 832, இன்று 826 என்று இருந்தால் உடனே கலப்படம் என்கிறார்கள். டீசல் ஒரே மூலக்கூறு இல்லை என்று மேலே பார்த்தோம். எந்தக் கச்சா எண்ணெய், கோபுரத்தில் எந்த இடத்தில் வெட்டி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து லோடுக்கு லோடு எண் மாறும். வெயிலில் வேறு விரியும், 35 டிகிரியில் அளந்தால் 15 டிகிரிக் கணக்கைவிடப் பதினைந்துக்குப் பக்கமாகக் குறைத்துக் காட்டும். அதனால் நேற்றைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அந்த லோடின் இன்வாய்ஸைக் கேளுங்கள், 15 டிகிரிக்குத் திருத்திய எண்ணை அதில் போட்டிருக்கும் டென்சிட்டியோடு வைத்துப் பாருங்கள். 3-க்கு மேல் விலகினால் தாராளமாகச் சண்டை போடலாம்.