நோர்வேயில் முதல் மின்சாரக் கார்: கம்ஃபோர்ட்டா, எக்ஸ்பவரா?

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். ஒஸ்லோவுக்கு வந்து ஒன்றரை வருடம், போன மாதம்தான் நோர்வே லைசென்ஸ் கைக்குக் கிடைத்தது, வீட்டில் மனைவியும் மூன்று வயது மகளும். பாவித்த எம்ஜி 4 மின்சாரக் கார் ஒன்று எடுக்க யோசிக்கிறீர்கள். விளம்பரங்களைப் பார்த்தால் கம்ஃபோர்ட் மொடலுக்கும் எக்ஸ்பவர் மொடலுக்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லை. "கொஞ்சம் கூடக் கொடுத்தால் இரண்டு மடங்கு பவர் வருகிறதே அண்ணை, விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸ்பவரை விடுங்கள் என்பதுதான் என் பதில். ஒரேயொரு நிலைமையில் மட்டும் யோசிக்க இடமிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு காரிலும் இருப்பது ஒரே 64 கிலோவாட் மணிப் பற்றரிதான். கம்ஃபோர்ட்டுக்குப் பின்சில்லில் ஒரு மோட்டார், 204 குதிரைவலு, மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தொட எட்டு செக்கனுக்குச் சற்றுக் குறைவு. எக்ஸ்பவருக்கு முன்னாலும் ஒரு மோட்டார் வைத்து 435 குதிரைவலுவாக்கி, நூறை 3.8 செக்கனில் தொட வைத்திருக்கிறார்கள். பற்றரி அதேதான் என்பதால் அந்த வலுவுக்கு விலை தூரத்தில் போகிறது. ஐரோப்பிய அளவுகோலில் ஒரு முழுச் சார்ஜுக்குக் கம்ஃபோர்ட் 450 கிலோமீற்றர், எக்ஸ்பவர் 385. வேகக் கார் என்றால் சார்ஜும் வேகமாக ஏறும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சார்ஜ் கம்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் நிற்கும்.

இனி உங்கள் லைசென்ஸ். இதைத்தான் நீங்கள் யோசிக்கவில்லை போலத் தெரிகிறது. இங்கே முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவருக்கு இரண்டு வருடம் பரீட்சைக் காலம், அதாவது லைசென்ஸ் கையில் இருந்தும் கண்காணிப்பில் இருக்கிற காலம். ஊரில் எத்தனை வருடம் ஓடியிருந்தாலும், இங்கே புதிதாக எடுத்தபடியால் நீங்களும் அதற்குள் அடக்கம். அந்தக் காலத்தில், வீதி விதியை மீறினால் விழுகிற பிழைப்புள்ளிகள் இரட்டிப்பாக விழும். வேக எல்லை 60 ஆன வீதியில் 11 முதல் 15 கிலோமீற்றர் வேகம் கூட ஓடிப் பிடிபட்டால் மற்றவர்களுக்கு இரண்டு புள்ளி, உங்களுக்கு நாலு. மூன்று வருடத்துக்குள் எட்டுப் புள்ளி சேர்ந்தால் ஆறு மாதம் லைசென்ஸ் போய்விடும். கணக்குப் பாருங்கள், இரண்டு தரம் கால் சறுக்கினால் போதும். பரீட்சைக் காலத்தில் பறிகொடுத்தால் ஓட்டப் பரீட்சையையும் திரும்ப எடுக்க வேண்டும். வழுக்குகிற தரையில் ஓடப் பழக்குகிற அந்தச் சறுக்கல் ஓட்டப் பயிற்சிக்குக் கொட்டிய காசு உங்களுக்கு மறந்திருக்காது. 60 அல்லது அதற்குக் குறைந்த வீதியில் ஒரே முறையில் 26 கூடப் போனாலே லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், புள்ளி சேரும்வரை காத்திருக்க மாட்டார்கள்.

204 குதிரையிலும் 26 கூடப் போகலாம்தான். ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் புத்தி வந்துவிடும். மற்றதில் சிக்னல் பச்சை விழுந்து மூச்சு விடுவதற்குள் 60 தாண்டிவிடும். மின்சாரக் காரில் சத்தமும் இல்லை, கியரும் இல்லை, வேகம் ஏறுவது காதுக்குத் தெரியாது. இந்த நாட்டில் ஊருக்குள் 50, வெளியே பலகை இல்லாவிட்டால் 80, நல்ல மோட்டார் வீதியில் 110. லொறி ஒன்றை முந்த வேண்டும் என்றால் 204 தாராளம்.

குளிர்காலத்துக்கு வருவோம். கடும் குளிரில் காரைப் பொறுத்து கால்வாசியோ அதற்கு மேலோ தூரம் குறையும். மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பயம் இல்லை. கம்ஃபோர்ட்டின் 450 அப்போது 300, எக்ஸ்பவரின் 385 ஏறக்குறைய 255. ஒஸ்லோவிலிருந்து துரொன்ஹைம் 500 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, இடையில் டோவ்ரே மலை. பற்றரியைச் சுழியத்துக்கு இறக்கி யாரும் ஓடுவதில்லை, வழியில் நூறு வீதம் வரை ஏற்றுவதும் இல்லை. ஆகவே ஒரு காரில் ஒன்று இரண்டு நிறுத்தம் என்றால் மற்றதில் இரண்டு மூன்று. மைனஸ் 12இல், நித்திரைத் தூக்கத்தில் அழுகிற பிள்ளையோடு அந்தக் கூடுதல் நிறுத்தம் எப்படி இருக்கும் என்று உங்கள் மனைவியிடமும் ஒருக்கால் கேளுங்கள். அதோடு பற்றரி குளிர்ந்து போயிருந்தால் முழு வலுவையும் அது கொடுக்கவும் கொடுக்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற 3.8 செக்கன் தை மாசியில் பாதி நாள் கிடைக்காது.

வீதியையும் பாருங்கள். பனி உருகுகிற பங்குனி சித்திரையில் நிலத்துக்குள் உறைந்த ஈரம் தாரைத் தூக்கி விட்டுவிடும், வீதி அலையலையாக நிற்கும். குடியிருப்புகளுக்குள் அடிக்கு ஒரு வேகத்தடை. எக்ஸ்பவரின் சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கிறார்கள், 18 அங்குலச் சில்லு வேறு. கம்ஃபோர்ட் 17 அங்குலம், ரயரின் பக்கச் சுவர் உயரம் கூட, அடி குறைவாகத் தெரியும். என் கூட்டாளி ஒருவர் இப்படியான வேகக் கார் ஒன்று வைத்திருக்கிறார், வேறு கொம்பனி. ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மண்டபத்துக்குப் போக அவருடைய டிக்கியில் றால் குழம்புச் சட்டியை ஏற்றினோம், மூடியைத் துவாயால் இறுக்கிக் கட்டித்தான். ரவுண்டபோட் ஒன்றில் இடைவெளி கண்டு அவர் கால் சற்றே அழுந்தியது, அவ்வளவுதான். சட்டி சரிந்து, துவாயையும் நனைத்துக்கொண்டு எண்ணெய் டிக்கிக் கம்பளத்தில் இறங்கிவிட்டது. பின்சீற்றில் இருந்த அவருடைய மகனுக்கு அதற்கு முதலே வயிற்றைப் பிரட்டத் தொடங்கியிருந்தது. மெதுவான ஓட்ட நிலையில் போட்டு ஓடலாமே என்பீர்கள். ஓடலாம், காலுக்குக் கார் பதில் சொல்வது மென்மையாகும். இறுக்கின சஸ்பென்ஷன் இளகாது. அதோடு, மெதுவாகப் போட்டு ஓடுவதற்கு எதற்கு 435?

சரி, அந்த ஒரு நிலைமை. எக்ஸ்பவர் நாலு சில்லும் இழுக்கிற கார். நீங்கள் இருப்பது மலைச் சரிவில், வீட்டு வாசலுக்கு ஏறுகிற பாதை செங்குத்து, பனி அள்ளுகிற வண்டி காலையில் பிந்தித்தான் வரும் என்றால் நாலு சில்லு இழுவைக்கு அர்த்தம் இருக்கிறது. அப்போதும் என்னைக் கேட்டால், வலுவைத் துரத்தாமல் நாலு சில்லு தருகிற வேறு காரைப் பார்க்கச் சொல்வேன். ஸ்கோடா என்யாக்கிலும் ஃபோக்ஸ்வாகன் ஐடி 4இலும் அப்படிப்பட்ட சாதுவான மொடல்கள் இருக்கின்றன, பிள்ளை வண்டில் வைக்க இடமும் கூட. வீடு சமதரையில் என்றால் நல்ல ரயர் போட்ட பின்சில்லுக் கார் போதும். நாலு சில்லு இழுவை பனியில் புறப்படத்தான் உதவும். நிற்க உதவுவது ரயர்.

அதனால் மிச்சக் காசு ரயருக்குப் போகட்டும். பனியைக் கவ்வ ஆணி பதித்த ரயர் என்றால் இந்தப் பக்கம் கார்த்திகை முதலாம் திகதிவாக்கில், அதாவது நவம்பர் 1 தொடக்கம், ஈஸ்டர் திங்களுக்குப் பிறகு வருகிற ஞாயிறு வரை போடலாம். ஒஸ்லோவுக்குள் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நகரத்துக்குள்ளேயே ஓட்டம் என்றால் ஆணியில்லாமல் கடும் குளிருக்கென்றே செய்த வடக்கு நாட்டு ரயரே போதும். பனிக்கால ரயரில் தவாளிப்பின் ஆழம் ஆகக் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அந்த எல்லை வரை தேய விடாதீர்கள். 18 அங்குல ரயர் நாலுக்கும் 17 அங்குல ரயர் நாலுக்கும் விலை கேட்டுப் பாருங்கள், வருடா வருடம் வித்தியாசம் தெரியும். மாற்றுகிற செற்றை வைக்க வீட்டில் இடம் இல்லாவிட்டால் ரயர் ஹோட்டலில் வாடகைக்கு விடலாம். ஓம், இந்த நாட்டில் ரயருக்கும் ஹோட்டல் உண்டு, நம்மை விட வசதியாகத் தூங்கும்.

காப்புறுதியில், விபத்தில்லாமல் ஓடினால் கிடைக்கிற கழிவான போனஸ் உங்களுக்கு இன்னும் சேரவில்லை, அதனால் எந்தக் காருக்கும் கூடத்தான் வரும். 435 குதிரை என்றால் இன்னும் கூடும். கார் இலக்கத்தைப் போட்டு இரண்டு மூன்று கொம்பனியில் விலை எடுத்துப் பாருங்கள், வாங்குகிற விலையில் சிறிதாகத் தெரிந்த இடைவெளி அங்கே விரியும்.

கூடக் கொடுக்கக் கையில் காசு இருக்கிறது என்றால், இதே எம்ஜி 4 இல் 77 கிலோவாட் மணிப் பற்றரியோடு வந்த மொடல் ஒன்று உண்டு. 520 கிலோமீற்றர், 245 குதிரை. கண்ணில் பட்டால் அதை விடாதீர்கள். கம்ஃபோர்ட் என்றே முடிவெடுத்தால், பின்கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் வந்தவற்றில் அது இல்லை. சீற்றும் ஸ்டியரிங்கும் சூடாகுமா என்றும் பார்க்க வேண்டும், வருடத்தில் ஆறு மாதம் பாவிப்பீர்கள். எம்ஜி ஏழு வருடம் அல்லது 1,50,000 கிலோமீற்றர் உத்தரவாதம் கொடுக்கிறது, சர்விஸ் பதிவு ஒழுங்காக இருந்தால்தான் அதற்குப் பெறுமதி. ஓடிப் பார்க்கப் போகிறபோது மகளின் இருக்கையையும் கொண்டுபோய்ப் பூட்டி, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, விற்பவர் காட்டுகிற வழுவழுப்பான வீதியில் இல்லாமல் உங்கள் வீட்டுப் பக்கத்து வேகத்தடைகளுக்கு மேலால் ஓடுங்கள். விலை பேசுகிறபோது இரண்டு செற் ரயரும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். ஒரு செற்தான் என்று சொன்னால் அந்தக் காசைக் குறைத்துக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.