பேப்பர் இல்லாமல் அப்படியே இருந்துவிடலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். 11 மாத ஒப்பந்தம் ஜூலை 31-இல் முடிகிறது. ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய் கூட்டித் தரச் சொல்கிறார் வீட்டுக்காரர். "புது அக்ரிமென்ட் எல்லாம் எதற்கு, அப்படியே இருங்கள்" என்கிறார். வேறு வீடு பார்க்கலாம் என்பது கணவரின் எண்ணம். மகள் ஜூனில் பிளஸ் டூ போகிறாள். என்ன செய்வது, எப்போது முடிவெடுப்பது?
- வாசகி, சென்னை

பதில்: அதே வீட்டில் இருங்கள். ஆனால் புது ஒப்பந்தம் இல்லாமல் ஒரு மாதம்கூட இருக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் பேச்செல்லாம் அந்த 2,000 ரூபாயைப் பற்றியே நடக்கிறது போலிருக்கிறது. எனக்குக் கவலை தருவது "அப்படியே இருங்கள்" என்ற வார்த்தைதான். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் நீளும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். ஜூலை 31-இலிருந்து எண்ணிப் பாருங்கள், ஜனவரி 31 வருகிறது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பெண் புத்தகமும் கையுமாக இருக்கிற நேரத்தில் நீங்கள் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வீட்டுக்காரர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவருக்குத் திடீரென்று வீட்டை விற்க வேண்டிய நிலைமை வரலாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் குடும்பத்தோடு திரும்பி வரலாம். வாய்ப்பேச்சு அப்போது நிற்காது.

11 மாதம் என்றால் பதிவே தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய சட்டத்தை ஒட்டி வந்த வழக்கம் அது. புதிய சட்டம் மாதக்கணக்கு பார்ப்பதில்லை. எல்லா ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். 11 மாதத்துக்குக் கூடுதல் வாடகை 22,000 ரூபாய். வீடு மாறினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பழைய வீட்டு அட்வான்ஸில் பெயின்டிங் என்று பிடிக்கும் ஒரு மாத வாடகை, இரண்டிலேயே 36,000 போய்விடும். வண்டிக் கூலி தனி. 2,000 ரூபாய்க்காக இந்த ஆண்டு வீடு மாறுவது சரியில்லை என்று கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதற்காகக் கேட்டதை அப்படியே கொடுக்கவும் வேண்டாம். உங்கள் ஒப்பந்தம் ஆடி மாத நடுவில் முடிகிறது. ஆடியில் நம் ஆட்கள் பால் காய்ச்ச மாட்டார்கள். நீங்கள் காலி செய்தால் அவர் வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும், அவருக்கு அரை மாத வாடகையாவது நஷ்டம். இது அவருக்கும் தெரியும். 1,000 ரூபாயில் பேச்சைத் தொடங்குங்கள், 1,500-இல் முடிந்தாலும் நல்லதுதான்.

ஜூன் முதல் வாரமே பேசிவிடுங்கள். பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதியும் அனுப்பிவிடுங்கள். புது ஒப்பந்தம் ஆகஸ்ட் 1-இல் தொடங்கினால் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை போகும். பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்த பிறகு எங்கே குடியிருப்பது என்று நிதானமாக யோசிக்கலாம். புது ஒப்பந்தத்தில், நீங்கள் முன்பு கொடுத்த அட்வான்ஸ் தொகையை மறுபடி எழுத வையுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். அப்புறம் கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, பெயின்டிங் செலவு யாருடையது, காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் வரட்டும்.

ஜூன் 15-க்குள் அவர் கையெழுத்துக்கு ஒத்துவரவில்லை என்றால், உடனே வேறு வீடு பார்க்க ஆரம்பித்துவிடுங்கள். ஆனி முடிவதற்குள் மாறிவிடலாம். படிப்பு சூடுபிடிக்காத அந்த நேரத்தில் மாறினால் மகளுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது.