செஸ்ஸுக்கு விட்டால் ஸ்கொலர்சிப் என்னாவது?

கேள்வி: என் மகன் நான்காம் ஆண்டு படிக்கிறான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் செஸ் பழக்குகிறார்கள், அவனுக்கு அதில் சரியான விருப்பம். “செஸ் விளையாடினால் மூளை வளரும், கணக்கு நல்லா வரும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. செஸ்ஸே தெரியாத என் கணவர் “சோதினை முடியட்டும், பிறகு பார்ப்பம்” என்று மறிக்கிறார். இன்னொன்று, தோற்றால் அழுது காய்களைத் தட்டிக் கொட்டிவிடுகிறான். விடலாமா, வேண்டாமா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, தாராளமாக விடுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன காரணத்துக்காக வேண்டாம். அதை நம்பி விட்டால், அடுத்த வருடம் வெட்டுப்புள்ளி வரும் நாளில் அவவோடும் கோபம் வரும், செஸ்ஸோடும் கோபம் வரும்.

கணக்குக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 100 பள்ளிக்கூடங்களை எடுத்து, ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும் ஏறக்குறைய உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு 30 மணித்தியாலம் செஸ் படிப்பித்து, ஒரு வருடம் கழித்துக் கணக்குப் புள்ளிகளை ஒப்பிட்டார்கள். 2016இல் முடிவு வந்தது. வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஞாபகசக்தியும் அப்படித்தான். 1973இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள், ஆட்டத்தின் நடுவில் உள்ள பலகையை ஐந்து செக்கன் காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். அதே காய்களைக் கண்டபாட்டுக்குப் பரப்பிக் காட்டியபோது, புதிதாகப் பழகுபவர் அளவுக்குத்தான் அவருக்கும் நினைவிருந்தது. செஸ் பழகினால் செஸ் வரும். முதலாம் வினாத்தாளுக்கு வினாத்தாள்தான் செய்து பழக வேண்டும்.

அப்படியென்றால் எதற்கு விடுவது என்று உங்கள் அவர் கேட்பார். நீங்கள் கடைசியில் கூச்சத்தோடு எழுதிய வரிக்காகத்தான் விடச் சொல்கிறேன்.

தாயத்தில் தோற்றால் சோகியைக் குறை சொல்லலாம். கிளித்தட்டில் தோற்றால் மற்றவன் அளாப்பினான் என்று சொல்லலாம். செஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே காய்கள், எல்லாம் கண்முன்னே. பழியைப் போட ஆள் இல்லை. ஒன்பது வயதில் அதைத் தாங்குவது லேசா? அதுதான் அந்த அழுகை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் ஆறு மாதமாகப் பழகுகிறான். போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுத வேண்டும் என்பதால் அவனிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அன்றைக்குத் தோற்றுவிட்டு வந்தவன், என் விறாந்தையில் இருந்து அந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்து ஆட்டத்தைத் திரும்ப நகர்த்தினான். பதினான்காவது வரியில் விரல் நின்றது. “இதில குதிரையத் தொட்டிட்டன் ரீச்சர். தொட்ட பிறகுதான், எடுத்தா ராணி வெட்டுப்படும் எண்டு தெரிஞ்சுது. தொட்டா எடுக்கத்தானே வேணும்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டான். நான் இருபத்தைந்து வருடம் படிப்பித்தவள். பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் பிழை போட்டதெல்லாம் நான்தான். தன் பிழையைத் தானே தேடிப்பிடித்து வட்டம் போட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? தோற்றதும் எதிரே இருப்பவருக்குக் கைகொடுத்துவிட்டு, காய்களை அவனே பெட்டியில் அடுக்க வேண்டும். கொட்டினால், கொட்டியவனே பொறுக்கட்டும். அழுதால் அழட்டும், ஆனால் யாரையும் சிரிக்க விடாதீர்கள். பாவம் பார்த்துத் தோற்றுக்கொடுப்பதும் வேண்டாம், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விளையாடத் தெரிந்த பெரியவர் யாராவது வந்தால், தன் ராணியை முதலே எடுத்து வைத்துவிட்டு ஆடட்டும், ஓரளவு சமமாக இருக்கும். வகுப்பால் வந்ததும் “வென்றனியா?” என்று கேட்காமல் “எங்க பிழைச்சது?” என்று கேட்டுப் பாருங்கள்.

கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு மணித்தியாலம் போதும். முழுநாளையும் விழுங்கும் போட்டிகளைச் சோதினைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அந்தளவில் உங்கள் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. போனில் மூன்று நிமிட ஆட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். தோற்ற கையோடு அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும், பிழையைத் திரும்பிப் பார்க்க எங்கே நேரம்? விலை கூடிய பலகையும் தேவையில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் நானும் தம்பியும் ஜாம் போத்தல் விளக்கில் விளையாடினோம், தொலைந்த சிப்பாய்களுக்குப் பதில் புளியங்கொட்டை. குதிரை தொலைந்தபோது மருந்துப் போத்தல் மூடி வைத்தோம். அந்த மூடியைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குதிரைதான்.

2024 டிசெம்பரில், 18 வயதில் உலகச் சம்பியனான சென்னைப் பொடியன் குகேஷ், நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளிக்கூடத்தை விட்டவர். அதை மட்டும் உங்கள் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அவருக்குச் செஸ் தெரியாது என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் மகனிடமே பழகச் சொல்லுங்கள். முதல் பத்து ஆட்டமும் தோற்பார். காய்களைத் தட்டிக் கொட்டாமல் இருந்தால் சரி.